ஓரத்து நிரைக் கௌபி

எனக்குக் கௌபிப் பயறு ஒத்துக்கொள்வதில்லை. வாயு. இருபது வருடத்துக்கு மேல் அதையே விதைத்து, அதையே கலந்து, அதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதன் நான். காலையில் அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும் ஒரு கோப்பை சாப்பிட்டால் பின்னேரம் வரைக்கும் நாலு பேர் இருக்கிற இடத்தில் இருக்க முடியாது. என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இருங்கள், பிள்ளை. அந்தக் கதிரையின் கால் ஆடும், மற்றதை இழுத்துப் போடுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். நேவிப் படகு போகும்போது கொஞ்சம் இரைச்சலாக இருக்கும், பிறகு அடங்கிவிடும்.

குணமணி, நீங்கள் கந்தளாயிலிருந்து இத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி வந்தது ஒரே ஒரு கேள்வியைக் கேட்பதற்கு. நான் வெளியிட்ட வறட்சி தாங்கும் கௌபியை உங்கள் பண்ணையில் விதைத்துத் தண்ணீரை நிறுத்திப் பார்த்திருக்கிறீர்கள். எல்லாம் கருகிவிட்டது. மறுபடியும் செய்திருக்கிறீர்கள். மறுபடியும் கருகிவிட்டது. ஆனால் எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில், சிறுபோகத்தில், குச்சவெளிப் பண்ணையில், அதே இனம் மூன்று இடத்திலும் பச்சையாக நின்றதென்று என் அறிக்கை சொல்கிறது. இப்போது அகதி முகாமிலிருந்து ஊர் திரும்புகிற சனத்துக்கு அந்த விதையைத்தான் சாக்குச் சாக்காகக் கொடுக்கப் போகிறார்கள். "அங்கை எப்பிடி நிண்டது, சேர்?" என்று கேட்டீர்கள். அந்த 'சேர்' என்ற சொல்லை நீங்கள் சொன்ன விதத்திலேயே முக்கால்வாசிச் சந்தேகம் தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த விவசாயத் திணைக்களத்தில் ஒரு ஆளாவது ஒழுங்காகப் படித்திருக்கிறது.

பதில் சொல்கிறேன். பதிலுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார், ஆகவே கொஞ்சம் நீளும்.

பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கடலுக்கும் கரையோர றோட்டுக்கும் இடையில் கொஞ்சம் மணல், மணலைச் சுற்றி முட்கம்பி, ஒரு கிணறு, ஒரு களஞ்சியம், எனக்கொரு குவார்ட்டர்ஸ். படலையில் ஒரு பெயர்ப்பலகை. அதில் 'பாக்கியரத்தினம்' என்ற என் பெயர் திணைக்களத்தின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது. பெயின்ரர் பிழைவிட்டுவிட்டான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். எண்பத்தைந்தில் சண்டை அந்த றோட்டுக்கும் வந்தது. வேலையாட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் நானும் காவல்காரர் ஸஹாப்தீனும் மட்டும் மிஞ்சினோம்.

ஸஹாப்தீன் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முன்னே கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் வேலை செய்தவர், அதனால் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. குச்சவெளியில் பள்ளிவாசலடியில் வீடு. மனைவி ஸல்ஹா, குறிஞ்சாக்கேணிப் பெண். மனிதர் ஒரு நாள் பிந்தி வந்தது கிடையாது. ஒரு நெற்று மடியில் கட்டியது கிடையாது. கிளி கலைப்பதற்கு ஒரு கவண் வைத்திருப்பார், ஆனால் கிளியின் மேல் படாமல்தான் அடிப்பார். இப்படிப்பட்ட ஆளைப் பக்கத்தில் வைத்திருப்பது எவ்வளவு கரைச்சல் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் தொழிலை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்குக் கதை வரும். விடியற்காலையில் சாமணத்தால் பூவைப் பிளந்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் தடவிக் கலியாணம் செய்து வைப்போம். பிறக்கிற பிள்ளைகளை மணலில் விதைத்து, முளைத்துக் கொஞ்சம் வளரும் வரை தண்ணீர் விடுவோம். பிறகு கிணற்றைப் பூட்டிவிடுவோம். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடுப்பு வாய் மாதிரி ஊதும். செடிகள் வாடும், சுருளும், சாகும். நாங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்போம். சாகாமல் எது நிற்கிறதோ அதன் விதையை எடுப்போம். தண்ணீரைக் கண்ணால் காட்டிவிட்டு நிறுத்துவதற்குப் பட்டம் வாங்கிய ஒரே கூட்டம் நாங்கள்தான்.

எண்பத்தைந்தில் என் கையில் ஒரு புதுக் கலப்பு இருந்தது. விதை ஒரு பிடிதான். ஒரு சின்ன நிரைக்குத்தான் போதும். அதை மேற்கு ஓரத்தில், வேப்பமரத்துக்குக் கிட்ட, கடைசி நிரையாகப் போட்டேன். கடைசி நிரைக்கு வெளியே இன்னொரு காப்பு நிரை போடவேண்டும் என்பது முதலாம் வருடப் பிள்ளைக்கும் தெரியும். ஓரத்துச் செடிக்கு வெளியிலிருந்து என்ன கிடைக்கிறதென்று நமக்குத் தெரியாது, அதற்காகத்தான் காப்பு. இதைப் பற்றி நான் பேராதனையில் விரிவுரையே செய்திருக்கிறேன். ஆனால் காப்பு நிரை போட்டால் றோட்டால் போகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்களுக்கு என் கௌபி தெரியாது. நான் போடவில்லை.

ஸஹாப்தீனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இந்த ஓரத்து நிரை என்ரை பிள்ளை மாதிரி. இதிலையிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, விளங்குதோ?"

"எடுக்க மாட்டன் ஐயா."

அவர் எடுக்கவில்லை. இந்தக் கதையில் நடந்ததெல்லாம் அதனால்தான்.

அந்தச் சிறுபோகத்தில் எல்லா நிரையும் கருகியது. ஓரத்து நிரை மட்டும் பச்சையாக நின்றது, பூத்தது, காய்த்தது. அன்றைக்கு நான் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் பிள்ளை. பகிடிக்குச் சொல்லவில்லை. மனைவி செத்த நாளில்கூட அப்படி அழவில்லை. ஒரு மனிதன் தன் வாழ்க்கை வீண் போகவில்லை என்று காண்பது லேசான காரியமில்லை. மூக்கைச் சிந்திவிட்டு வெளியே வந்து தலைமைப் பணிமனைக்கு எழுதினேன். பாராட்டு வந்தது. மாரியில் விதையைப் பெருக்கினேன். அடுத்த சிறுபோகத்தில் மறுபடி ஒருமுறை காட்டச் சொன்னார்கள். பணிப்பாளரே நேரில் வந்து பார்ப்பதாகவும், பார்த்துச் சரியென்றால் கரையோரம் முழுக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் விதையைக் கொடுப்பதாகவும் முடிவானது.

எண்பத்தாறில் மூன்று இடத்தில் போட்டேன். ஒன்று பழையபடி வேப்பமரத்தடியில். மற்ற இரண்டும் பண்ணை நடுவில். கிணற்றைப் பூட்டினேன். கச்சான் எழும்பியது. வேப்பமரத்தடிப் பாத்தி குளுகுளுவென்று நின்றது. நடுவில் இருந்த இரண்டும் மற்றச் சாதாரணக் கௌபிகளோடு சேர்ந்து தலையைத் தொங்கப் போட்டன. மண் வித்தியாசம் என்றேன். எறும்பு என்றேன். வேப்பமரத்து நிழல் என்றேன், ஆனால் நிழல் அந்தப் பக்கம் விழுவதேயில்லை. எனக்கு நானே சொன்ன காரணங்களை வைத்து இன்னொரு கலாநிதிப் பட்டம் வாங்கியிருக்கலாம்.

ஒரு நாள் மத்தியானம் கிளிக்கூட்டம் ஒன்று இறங்கியது. ஸஹாப்தீனைக் கூப்பிடத் திரும்பினேன். அது அவர் தொழுகிற நேரம். தொழப் போகிற ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதையில்லை என்று எங்கள் வீட்டில் பழக்கியிருந்தார்கள். ஆகவே அந்த நேரங்களில் நான் எப்போதும் மற்றப் பக்கம் திரும்பிவிடுவேன், அல்லது உள்ளே போய்விடுவேன். ஒன்றரை வருடமாக அப்படித்தான் செய்துவந்தேன். அன்றைக்குத்தான், கிளியின் புண்ணியத்தில், பார்த்தேன்.

வேப்பமரத்தடியில் ஒரு தட்டைக் கல். அதில் குந்தியிருந்து அவர் தொழுகைக்கு முன் ஒளுச் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு பெரிய பிளாஸ்ரிக் கான், கையில் மூக்கு வைத்த ஒரு கேத்தில். கையைக் கழுவினார். வாயைக் கொப்பளித்தார். மூக்கு, முகம், முழங்கை வரை கைகள். தலையைத் தடவினார். கால்களைக் கழுவினார். ஆறுதலாக, ஒன்றையும் விடாமல். தண்ணீர் கல்லிலிருந்து வழிந்து, மணலில் ஒரு சின்ன வாய்க்கால் பிடித்து, என் கௌபியின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வாய்க்காலின் கரை இறுகிப் பாசி பிடித்திருந்தது.

நான் கத்தவில்லை. தொழுது முடியும் வரைக்கும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளிகள் நல்ல விருந்து சாப்பிட்டன. பிறகு கிட்டப் போனேன்.

"எவ்வளவு காலமா இந்தக் கல்லிலை ஒளுச் செய்யிறீர்?"

"கண்ணெடுக்க வேணாம் எண்டு ஐயா சொன்ன நாள் தொட்டு. பள்ளிக்குப் போனாக் கிளி வந்திரும். அதான் அஞ்சு நேரமும் இஞ்சயே. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும்தான் போறன்."

"தண்ணி?"

அவர் முகம் மாறிவிட்டது. களவெடுத்ததாக நான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். "பண்ணைத் தண்ணி ஒரு சொட்டும் தொட இல்ல ஐயா. பள்ளிக் கிணத்துத் தண்ணி. சைக்கிள்ள வெச்சுக் கொண்டு வாறன்."

அந்த வாய்க்காலைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பச்சையாக நின்ற பாத்தியைப் பார்த்தார். பண்ணை நடுவில் வாடிக் கிடந்த இரண்டையும் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுக்க முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது.

"அப்ப இது சும்மாக் கௌபியா, ஐயா?"

"ஓம்" என்றேன். "சும்மாக் கௌபிதான்."

அதோடு அவர் வாயை மூடியிருந்தால் இன்றைக்கு இங்கே வந்து எங்கள் இரண்டு பேருக்கும் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருப்பார். மூடவில்லை. தன் மனைவியின் தம்பி முஹம்மது தம்பி குறிஞ்சாக்கேணியில் எள்ளுப் போடுவதை விட்டுவிட்டு இந்த விதைக்காகக் காணியைச் சும்மா போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். அவனைப் பார்த்து அயலில் இன்னும் பல பேர். இந்த விதைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது தான்தான் என்றும் சொன்னார்.

"பெரிய ஐயா வரக்குள்ள நான் சொல்றன். பிழை என்ட பிழை. காவல்காரனுக்கு எழுத்து வாசிப்புத் தெரியா, ஊத்திப் போட்டான் எண்டு சொல்லுங்க. உங்களுக்கு ஒண்டும் வராது."

"யோசிப்பம், ஸஹாப்தீன்."

"இதில யோசிக்க என்ன இரிக்கி ஐயா? சனம் பசி கிடக்கும்."

எனக்கு எது பொறுக்கவில்லை தெரியுமோ பிள்ளை? அவர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் ஒரு கலாநிதி. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிறார். அந்தப் பார்வைக்காக அவரை அந்த நிமிடத்திலேயே வெறுத்தேன். வெறுப்பு என்று அப்போது பெயர் வைக்கவில்லை. தலையிடி என்று நினைத்துப் பனடோல் போட்டேன்.

நான் முரடன் இல்லை. முதலில் நயமாகத்தான் முயன்று பார்த்தேன். கொஞ்ச நாள் லீவில் குறிஞ்சாக்கேணிக்குப் போய் இரும் என்றேன். பண்ணையைத் தனியே விட்டுப் போக ஏலாது என்றார். பணிப்பாளர் பெரிய கோபக்காரர், வேலை போய்விடும் என்றேன். சாப்பாட்டை, அவர் சொல்லில் ரிஸ்க்கை, அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றார். கல்லைத் தூக்கி வேறு பக்கம் போடச் சொன்னேன். உடனே தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் போட்டார். ஆனால் முகத்தில் அந்தப் பரிதாபம் அப்படியே இருந்தது. பணிப்பாளர் வருவதற்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

அந்தக் காலத்தில் பின்னேரங்களில் இயக்கப் பொடியள் சில நேரம் துவக்கோடு பண்ணைக்கு வருவார்கள். மண்ணெண்ணெய் கேட்பார்கள், அவிப்பதற்குக் கொஞ்சம் கௌபி கேட்பார்கள். மரியாதையான பிள்ளைகள். 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு வந்தவர்களில் பொறுப்பானவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தேன். "புதுசா ஏதும் இருக்கோ ஐயா?" என்று கேட்டான். அது அவன் எல்லா இடத்திலும் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. எல்லாரும் இல்லையென்றுதான் சொல்வார்கள். நானும் அதுவரைக்கும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

நான் ஸஹாப்தீனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லவில்லை. நல்ல காவல்காரர் என்றுதான் தொடங்கினேன். சிங்களம் நன்றாகக் கதைப்பார் என்றேன். வெள்ளிக்கிழமைகளில் நேவிக் காம்ப் றோட்டால் போய் வருவார் என்றேன். பொடியள் எந்த நாளில் வருவார்கள் என்று என்னிடம் இரண்டு மூன்று தரம் கேட்டவர் என்றும் சொன்னேன். அவ்வளவுதான்.

எல்லாம் உண்மை. சிங்களம் சீனித் தொழிற்சாலையில் பழகியது. காம்ப் றோட்டால் போகாமல் பள்ளிவாசலுக்கு வேறு வழி இல்லை. பொடியள் வருகிற நாளைக் கேட்டது அவர்களைக் கண்டால் பயம் என்பதால். அந்த நேரத்தில் பள்ளிப் பக்கம் ஒதுங்கி இருப்பதற்காக. காரணத்தை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஓரத்து நிரை ஏன் பச்சையாக நின்றது என்று பணிப்பாளரும்தான் கேட்கவில்லை. கண்டதை மட்டும் எழுதுவது, காரணம் கேட்டால் மட்டும் சொல்வது. விஞ்ஞானத்தில் நான் எப்போதும் அந்த ஒழுங்கைக் கடைப்பிடித்து வந்திருக்கிறேன்.

பொடியன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். நல்ல வளர்ப்பு.

அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பேனை நின்றுவிட்டது. தெரியும். அந்த வருடம் அந்த றோட்டில் குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு சொல் போதும். நான் நாலு வசனம் சொல்லியிருக்கிறேன், அதில் முதலாவது பாராட்டு.

இரண்டு நாள் கழித்து ஸஹாப்தீன் வேலைக்கு வரவில்லை. வராத முதல் நாள் அது. பஸ் கொண்டக்டர்தான் படலையில் நின்று சொன்னான். மதகடியில் கிடக்கிறாராம். கழுத்தில் காட்போட் மட்டை ஒன்று தொங்குகிறதாம், காட்டிக்கொடுத்தவர் என்று எழுதி. நான் போய்ப் பார்க்கவில்லை. உள்ளே வந்து கதிரையில் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. கழுத்துப் பட்டியைத் தளர்த்தின மாதிரி. கவலை பிறகு வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது. பாரை மீன் குழம்பு இருந்தது, சாப்பிட்டேன்.

மையத்து வீட்டுக்குப் போனேன். சனம் மிகக் குறைவு. அப்படி எழுதிப் போட்ட ஆளின் வீட்டுக்குப் போகப் பயம். சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்குக்கூட ஆட்கள் பின்னடித்தார்கள். நான் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த முஹம்மது தம்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "எல்லாரும் பயந்து ஒளிச்சிட்டாங்க. தமிழ் ஆள் நீங்க ஒராள்தான் பயப்படாம வந்தீங்க." பயப்பட எனக்கென்ன இருந்தது? அந்த மாவட்டத்திலேயே அன்றைக்குப் பயப்படத் தேவையில்லாத ஆள் நான் ஒருவன்தான். ஆனாலும் அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. நான் எப்படிப்பட்ட பிறவி என்று இதிலேயே உங்களுக்கு விளங்கும்.

திரும்பி வந்து பார்த்தால் வேப்பமரத்தடிப் பாத்தியும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. கல்லை எடுத்து நாளாகிவிட்டதல்லவா. நடுவில் இருந்த இரண்டும் ஏறக்குறைய முடிந்த கதை. பணிப்பாளர் வருவதற்கு ஒரு கிழமை. ஒரு மனிதரை இல்லாமல் ஆக்கியும் கௌபி கௌபியாகத்தான் இருக்கிறது. அப்போதுதான் எனக்கு இது முழுதாக விளங்கியது. பிரச்சினை வாயில் இல்லை, விதையில் இருந்தது. ஸஹாப்தீன் வாயைத் திறந்தாலும் மூடினாலும் அந்தச் செடிகள் பணிப்பாளர் முன்னால் செத்துத்தான் கிடந்திருக்கும். அவர் தேவையில்லாமல் போய்விட்டார் பிள்ளை. கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பின்னேரம் நான் தேத்தண்ணீரோடு நிறுத்தியிருக்கலாம்.

கிணற்றைத் திறந்தேன். அவருடைய கேத்தில் வேப்பங்கொப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன். வாளியால் ஊற்றினால் மணலில் தடம் தெரியும், கேத்தில் மூக்கால் ஊற்றினால் வேரடியில் மெதுவாக இறங்கும். விடியமுன் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, வெயில் சாய ஒரு தடவை, பொழுது படும்போது ஒரு தடவை, படுக்கப் போகமுன் ஒரு தடவை. கோயிலுக்கே ஒழுங்காகப் போகாத நான் ஒரு நாளைக்கு ஐந்து நேரம் தவறாமல் குந்தியிருந்தேன். மூன்று பாத்திகளும் ஒரு கிழமையில் நிமிர்ந்துவிட்டன. இதுதான் உங்கள் கேள்விக்கு விடை. அறிக்கையில் 'நீர் பாய்ச்சப்படவில்லை' என்று எழுதினேன். கேத்திலால் ஊற்றுவதை யாரும் பாய்ச்சல் என்று சொல்வதில்லை.

பணிப்பாளர் வந்தார். செருப்பில் மணல் பட்டுவிடும் என்று வரம்பில் நின்றே பார்த்தார். அருமை என்றார். பண்ணைக்குக் காவல் இல்லையா என்று கேட்டார். காலமாகிவிட்டார் என்றேன். அனுதாபம் தெரிவித்தார். மூன்று மாதத்தில் திருகோணமலையில் கூட்டம் வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் படம் அதோ, அலுமாரிக்கு மேல். மாலையில் பாதி முகம் மறைந்துவிட்டது, இருந்தாலும் சிரிப்புத் தெரியும்.

அடுத்த சிறுபோகத்தில் விதை சனத்திடம் போனது. குறிஞ்சாக்கேணியில் முஹம்மது தம்பியும் அயலவர்களும் மேட்டுக் காணியில் போட்டார்கள். தண்ணீர் விடவில்லை, வேண்டாம் என்றுதானே சொல்லியிருந்தோம். பூக்கவே இல்லை. எள்ளும் இல்லை, கௌபியும் இல்லை. றோட்டும் பூட்டு, வள்ளமும் ஓடவில்லை, நிவாரணமும் வரவில்லை. அந்த வருடம் அந்தப் பக்கத்தில் பசியில் சில கிழடுகளும் சில குழந்தைகளும் போயின என்று பிறகு அறிந்தேன். எத்தனை என்று நான் கேட்கவில்லை. பாதுகாப்பு நிலைமை காரணமாகப் பயிர் சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று மேலே எழுதினேன். பாதுகாப்பு நிலைமை மோசமாகத்தானே இருந்தது. அதனால் விதையின் பெயர் கெடவில்லை. இன்றைக்கு உங்கள் களஞ்சியத்தில் சாக்கில் இருப்பது அதுதான்.

நிறுத்துங்கள். நான் சொன்னேன் என்று சொல்லி அந்தச் சாக்குகளை நிறுத்துங்கள். கேட்டால் நான் வந்தும் சொல்கிறேன். இல்லை, இன்னும் எழும்பாதீர்கள். ஒன்று மிச்சம் இருக்கிறது.

குறிஞ்சாக்கேணியில் பயிர் கருகிய பிறகு ஸஹாப்தீனின் மனைவி ஸல்ஹா பண்ணைக்கு வந்தாள். புருஷனை இழந்த பெண் வீட்டோடு இருக்கிற இத்தாவை முடித்து, கூலிக்கு மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த காலம். படலைக்கு உள்ளே வரவில்லை, முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். நட்டஈடு கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நான் பதிலை ஆயத்தப்படுத்திக்கொண்டு போனேன்.

"விதையும் அவரால தான் கருகிச்சு எண்டு சனம் கதைக்குது ஐயா. காட்டிக்குடுத்தவன் காவல் காத்த விதை, அதான் அல்லாஹ்ட பறக்கத் இல்ல எண்டு. என்ட தம்பியும் இப்ப வீட்டுக்கு வாறதில்ல. எனக்குச் சாப்பாடு வேணாம், ஒண்டும் வேணாம். அவர் அப்பிடி ஆளில்ல எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும்" என்றேன். அதைவிட நன்றாக அந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது.

"நீங்க படிச்ச ஆள். நீங்க சொன்னா நம்புவாங்க. பள்ளியில ஒருக்கா வந்து, சனத்துக்கு முன்னால, அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்க ஐயா. அவர்ர நல்ல பேரை மட்டும் மீட்டுத் தாங்க."

வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வந்து சொல்கிறேன் என்றேன். அவள் முகம் தெளிந்தது. துஆச் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வெள்ளியும் போனது, பிறகு எத்தனையோ வெள்ளிகள் போயின. தொண்ணூறில் ஊரே இடம்பெயர்ந்தது, அவள் எங்கே போனாள் என்று நான் விசாரிக்கவில்லை.

நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், குணமணி. இதை மட்டும் சரியாக எழுதுங்கள். இந்தக் கதை முழுக்க நான் சொன்ன பொய், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்ற அது ஒன்றுதான். அதுவும் அவளைப் பாவம் பார்த்துச் சொன்னது.